கழுவறது யாருங்க? தெருவுக்கு ஒரு பாத்திர வங்கி தொடங்குவது எப்படி

பிளாஸ்டிக் டம்ளர் வேண்டாம் என்று எங்கள் ஊரில் யாரிடம் சொன்னாலும் மறுக்க மாட்டார்கள். "ஆமாங்க, மண்ணுக்குக் கேடுதான்" என்று தலையாட்டுவார்கள். அடுத்த மூச்சிலேயே கேள்வி வரும்: "அப்ப எவர்சில்வர் டம்ளரைக் கழுவறது யாருங்க?"

இதற்குப் பதில் வைத்திருக்காத எந்தத் திட்டமும் ஒரு காதுகுத்தைக்கூடத் தாண்டாது. ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். யூஸ் அண்ட் த்ரோ வந்ததால் கை ஓய்ந்தது பெண்களுக்குத்தான். விருந்து முடிந்து ஆம்பளைகள் வெற்றிலை போட்டுக்கொண்டு பந்தலில் உட்கார்ந்திருக்க, பின்னால் குத்துக்கால் போட்டு அண்டா தேய்த்தவர்களின் இடுப்புக்குத்தான் அந்த வலி தெரியும். அவர்களிடம் போய் "பழையபடி எவர்சில்வருக்கு மாறுங்கள்" என்றால், கூலி இல்லாத வேலையைத் திரும்பக் கொடுக்கிறோம் என்று பொருள். அதனால் விசேஷ வீடுகளுக்கு எவர்சில்வர் சாமான்களை வாடகைக்குக் கொடுத்துத் திரும்ப வாங்கும் எங்கள் பாத்திர வங்கியில் முதலில் எழுதி வைத்த விதி இதுதான்: கழுவுகிறவருக்குக் கூலி உண்டு, அது வாடகையோடு முன்கூட்டியே வசூலாகும். மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான்.

நான் திருப்பூர் பக்கம். அனுப்பர்பாளையம் பாத்திரப் பட்டறைகளின் தட்டல் சத்தத்தில் வளர்ந்தவள். கல்யாணமான பிறகு பாத்திரக் கடையில் பில் போடுவதும், வாங்கியவர்கள் சொல்லும் பெயரைப் பாத்திரத்தில் வெட்டிக் கொடுப்பதும்தான் வேலை. இப்போது எங்கள் மகளிர் குழு நடத்தும் பாத்திர வங்கியின் சாவி என்னிடம் இருக்கிறது. உங்கள் தெருவிலோ, அபார்ட்மென்டிலோ, ஊர்க் கோயிலை ஒட்டியோ இப்படி ஒன்று தொடங்க நினைத்தால் என்ன வாங்குவது, எப்படிக் கழுவுவது, யாரிடம் எப்படிப் பேசுவது என்று எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

விருந்தில் பிளாஸ்டிக் எங்கே இருக்கிறது என்று பாருங்கள்

வாங்குவதற்கு முன் தெருவில் நடக்கும் ஒரு விசேஷத்துக்குப் போய், பந்தி முடிந்ததும் குப்பையைப் பிரித்துப் பாருங்கள். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். சாப்பாட்டுத் தட்டு பெரும்பாலும் கிடைக்காது. வாழை இலை நம்மிடம் இன்னும் இருக்கிறது, நல்லவேளை. கிடைப்பது வேறு: தண்ணீர் டம்ளர், காபிக்கு வைத்த பேப்பர் கப், பாயசக் கப், ஐஸ்கிரீம் கப்பும் கரண்டியும், மேசையில் விரித்த ஷீட், கால் லிட்டர் தண்ணீர் பாட்டில், தாம்பூலப் பை. பாட்டிலில் பாதிக்குமேல் இரண்டு வாய் குடித்து வைத்ததாகத்தான் இருக்கும்.

இந்தப் பட்டியலில் பலவும் சட்டப்படியே கூடாதவை. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் 14 வகைப் பொருட்களுக்குத் தடை. பிளாஸ்டிக் டம்ளர், தெர்மாகோல் தட்டும் கப்பும், சாப்பாட்டு மேசை விரிப்பு, உறிஞ்சுகுழல், தண்ணீர் பாக்கெட், எந்தக் கனத்திலும் கேரி பேக் எல்லாம் அதில் வருகின்றன. பிளாஸ்டிக் பூச்சுள்ள பேப்பர் கப்பும், துணி மாதிரி இருக்கும் நான்-ஓவன் பையும்கூட அதில் உண்டு என்பதைப் பலரும் நம்ப மாட்டார்கள். 2022 ஜூலை 1 முதல் நாடு முழுவதும் வந்த தடையில் பிளாஸ்டிக் கரண்டி, ஐஸ்கிரீம் குச்சி, ஸ்வீட் பாக்ஸையும் அழைப்பிதழையும் சுற்றும் கண்ணாடிக் காகிதம்வரை சேர்ந்தது. தண்ணீர் பாட்டில் மட்டும் இரண்டிலும் இல்லை. எங்களுக்கு மேலே நீலகிரியில் அதற்கும் தடை இருக்கிறது, ஊட்டிக்குப் போகும் வழியில் சோதனைச் சாவடியிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள். சமவெளியில் அப்படி இல்லை என்பதால் மண்டபத்துக்கு மண்டபம் பாட்டில்தான்.

இதில் தெரிவது என்ன? முழுச் சமையலறையையும் விலைக்கு வாங்க வேண்டியதில்லை. அண்டா, குண்டா, சாம்பார் வாளி எல்லாம் பந்தல்காரரிடமோ சமையல்காரரிடமோ ஏற்கெனவே வாடகைக்குக் கிடைக்கின்றன. இல்லாதது குடிக்கிற, உறிஞ்சுகிற, அள்ளிச் சாப்பிடுகிற சின்னச் சாமான்கள்தான். வங்கி அதிலிருந்து தொடங்கினால் போதும்.

என்ன வாங்குவது

டம்ளர், கிண்ணம், கரண்டி, ஜக்கு. இந்த நான்கு.

எத்தனை என்பதைப் பந்தியை வைத்துக் கணக்குப் போடுங்கள், வரும் கூட்டத்தை வைத்துப் போடாதீர்கள். ஒரு பந்திக்கு 75 பேர் உட்காருவார்கள் என்றால், ஒரு செட் மேசையில் இருக்கும்போது இன்னொரு செட் கழுவிக் காய வேண்டும். அப்படியானால் 150. முதல் பந்தி முடிவதற்குள் கை கழுவிவிட்டு நிற்கிற குழந்தைகளும் காபி கேட்கிற பெரியவர்களும் இருப்பார்கள், அதற்கு 50. ஆக 200 டம்ளர் இருந்தால் நானூறு பேர் வருகிற வீட்டுக்கும் தாங்கும். ஒரு டம்ளர் ஏறக்குறைய 60 கிராம் என்று வைத்தால் 200-க்கு 12 கிலோ. எவர்சில்வர் எடைக்குத்தான் விலை. கடைக்காரரிடம் "டம்ளர் எவ்வளவு" என்று கேட்காமல் "கிலோ என்ன விலை, ஒரு கிலோவுக்கு எத்தனை நிற்கும்" என்று கேளுங்கள். கேட்கிற விதத்திலேயே உங்களுக்குச் சரக்கு தெரியும் என்று புரிந்துகொள்வார்.

தகட்டின் கனத்துக்குக் கேஜ் என்று ஒரு எண் சொல்வார்கள். எண் கூடக்கூடத் தகடு மெலியும். மிக மெலிந்ததை வாங்கினால் சூடான காபியைப் பிடிக்க முடியாது, கீழே விழுந்தால் நெளியும். கனமானதை வாங்கினால் காசும் கூடும், மூட்டை தூக்குகிறவருக்குத் தோளும் போகும். விரலால் நடுவில் அழுத்திப் பாருங்கள், உள்ளே போய்த் திரும்பினால் வேண்டாம்.

காந்தம் வைத்துப் பார்ப்பது இன்னொரு பழக்கம். ஒட்டாவிட்டால் நல்ல எவர்சில்வர் என்று வாங்கிப் போய்விடுவார்கள். பாதிதான் உண்மை. 304 கிரேடும் ஒட்டாது, அதைவிட மலிவான 202 கிரேடும் பெரும்பாலும் ஒட்டாது. 202-இல் நிக்கல் குறைவு, அதற்குப் பதில் மாங்கனீசு கூடுதலாக இருக்கும். புளி, உப்பு பட்டு நாள் கணக்கில் கிடந்தால் புள்ளி புள்ளியாக அரிக்கும். தண்ணீர் டம்ளருக்கு 202 போதும், உடனே கழுவிக் காயவைக்கிற பட்சத்தில். ரசம், பாயசம் ஊற்றும் கிண்ணத்துக்குக் காசிருந்தால் 304 வாங்குங்கள்.

கரண்டிக்கு மட்டும் நான் வேண்டுமென்றே காந்தம் ஒட்டுகிறதை எடுப்பேன். காரணம் பின்னால் வரும்.

டம்ளரின் வடிவம்தான் ரொம்ப முக்கியம். மேலே அகன்று கீழே குறுகினால் ஒன்றுக்குள் ஒன்று அடுக்கலாம். நேராக உருளையாக இருந்தால் அடுக்கவே முடியாது, 200 டம்ளர் ஒரு அறையை அடைத்துக்கொள்ளும். அடுக்குகிற டம்ளரிலும் இடுப்பில் ஒரு வரி தட்டியிருக்கிறதா என்று பாருங்கள். அந்த வரி இல்லாவிட்டால் ஈரத்தோடு அடுக்கியதும் கவ்விக்கொள்ளும். அப்படிக் கவ்வினால் சுத்தியலால் தட்டாதீர்கள். உள்ளே இருக்கும் டம்ளரில் குளிர்ந்த தண்ணீர் ஊற்றி, வெளி டம்ளரைச் சுடுதண்ணீரில் நிறுத்துங்கள். வெளியே இருப்பது விரியும், உள்ளே இருப்பது சுருங்கும், தானாகக் கழன்று வரும். அப்புறம் விளிம்பு. மடித்த விளிம்பின் கீழே நகம் போகிற இடைவெளி இருந்தால் அங்கே அழுக்கு தங்கும். நன்றாக அடைத்து மடித்திருக்க வேண்டும்.

ஜக்கு பெரிதாக வேண்டாம். இரண்டு லிட்டருக்கு மேல் நிரம்பியதை ஒரு கையில் பிடித்துப் பந்தி முழுக்க ஊற்றுவது கஷ்டம். பாட்டிலுக்கு மாற்று டம்ளர் என்று நினைக்கிறோம், உண்மையில் பாட்டிலுக்கு மாற்று ஜக்குப் பிடித்து வரிசைக்கு ஒருவர் நிற்பதுதான். அவர் இல்லாவிட்டால் விருந்தாளி பாட்டில்தான் கேட்பார். குழாய் வைத்த எவர்சில்வர் டிரம்மைப் பந்தல் ஓரத்தில் வைத்து, கேன் தண்ணீரை அதில் ஊற்றிக்கொள்ளுங்கள். பள்ளிக்கூடத்துப் பையன்களிடம் இந்த ஜக்கு வேலையைக் கொடுத்தால் பொறுப்பாகச் செய்வார்கள், பந்தியில் கடைசிவரை அவர்கள்தான் நிற்பார்கள்.

பெயர் வெட்டுவது

கட்டாயம் வெட்டுங்கள். பெயர் இல்லாத டம்ளர் பந்தல்காரர் மூட்டையில் கலந்து போகும், திருட்டு என்றுகூடச் சொல்ல முடியாது. தெருப் பெயர் ஒரு வரி, வெளிப்பக்கம், விளிம்புக்கு ஒரு விரல் கீழே. வாய் படுகிற இடத்திலும் உள்பக்கத்திலும் வெட்டக் கூடாது, புள்ளிக் குழிகளில் எண்ணெய் தங்கும்.

நன்கொடை தருபவர்கள் "உபயம்" என்று தங்கள் பெயரைக் கேட்பார்கள். கேட்கட்டும், தவறில்லை, அதை வைத்துத்தான் பணம் சேரும். ஆனால் டம்ளரில் வேண்டாம், ஜக்கிலும் டிரம்மிலும் வெட்டிக் கொடுங்கள். பெரிய சாமானில் பெயர் இருந்தால் அவர்களுக்கும் பெருமைதான். பாட்டன் பெயர், பேரன் பெயர், கூடவே இன்ஷியல் என்று நீட்டினால் எழுத்துக்கு இவ்வளவு என்று கடையில் வாங்குவார்கள், அதையும் உபயக்காரரே கட்டட்டும்.

எங்கே வைப்பது

பூட்டுப் போட்ட அலமாரி, ஈரம் வராத இடம். இது எல்லோருக்கும் தெரியும். தெரியாத மாதிரி நடந்துகொள்கிற இன்னொன்று உண்டு.

டம்ளர் என்பது நம் ஊரில் வெறும் டம்ளர் இல்லை. சாதி பார்த்துத் தனி டம்ளர் வைக்கும் இரட்டைக் குவளை எங்கள் மேற்கு மாவட்டங்களுக்குப் புதுச் செய்தியும் இல்லை. ஒரே டம்ளரில் குடிக்க மனசில்லாதவருக்குத் தூக்கிப் போடுகிற கப் வசதியான திரையாகப் போய்விட்டது. பாத்திர வங்கி தொடங்குகிறவர்கள் இதைப் பேசாமல் தாண்டினால், ஆறே மாதத்தில் "அந்தத் தெருவுக்குப் போன டம்ளரா" என்று ஒரு குரல் வரும். ஆகவே முதல் நாளே முடிவு செய்யுங்கள். ஒரே செட், எல்லா வீட்டுக்கும். தெருவாரியாகப் பிரிப்பது, கலர் புள்ளி வைப்பது எதுவும் கிடையாது. சில பேர் நுழைய முடியாத இடத்தில் அலமாரியை வைக்காதீர்கள், அது கோயில் மண்டபமாக இருந்தாலும் சரி. மகளிர் குழுக் கட்டடம், அங்கன்வாடியை ஒட்டிய அறை, நூலகம் மாதிரி எல்லோரும் செருப்போடு வந்து நிற்கிற இடம் நல்லது. நிர்வாகக் குழுவில் எல்லாத் தெருவிலிருந்தும் ஆள் இருக்க வேண்டும். இதற்கு ஒத்துக்கொள்ளாதவர் பணம் கொடுத்தால் வாங்காதீர்கள்.

கழுவும் இடம்

இங்கேதான் நேரம் எடுத்துப் படியுங்கள்.

டம்ளர் தொலைவது திருட்டால் என்று நினைப்பீர்கள். பெரும்பாலும் இலையால். சாப்பிட்டவர் இலையை மடிப்பார், பக்கத்தில் இருந்த டம்ளர் மேல் இலை சாயும், எடுக்கிறவர் இரண்டையும் சேர்த்துச் சுருட்டிக் கூடையில் போடுவார். அவ்வளவுதான், போய்விட்டது. அதனால் பந்தியில் ஒழுங்கு இப்படி இருக்க வேண்டும்: ஆட்கள் எழுந்ததும் முதலில் ஒருவர் டம்ளர், கிண்ணம், கரண்டி மட்டும் எடுத்துக்கொண்டே போவார். அவருக்குப் பத்தடி பின்னால்தான் இலை எடுப்பவர் வர வேண்டும். இந்த இரண்டு வேலையையும் ஒரே ஆளிடம் கொடுக்கவே கூடாது.

கரண்டி அப்படியும் இலைக்குள் போகும். காந்தம் ஒட்டுகிற கரண்டி வாங்கச் சொன்னது இதற்குத்தான். பழைய ஸ்பீக்கரில் கழற்றிய காந்தத்தை ஒரு குச்சியில் கட்டி, இலைக் கூடையைக் கொட்டுவதற்கு முன் ஒரு முறை உள்ளே விட்டுச் சுழற்றுங்கள். டக்கென்று ஒட்டிக்கொண்டு வரும். பார்க்க வேடிக்கையாக இருப்பதால் இந்த வேலைக்கும் குழந்தைகள் போட்டி போடுவார்கள்.

எடுத்து வந்த பாத்திரத்துக்கு மூன்று தொட்டி. மீதியை முதலில் வாளியில் வழித்துவிட வேண்டும், பாயசத்தோடு தொட்டியில் போட்டால் பத்தாவது நிமிஷம் தண்ணீர் பசையாகிவிடும். முதல் தொட்டியில் சோப்புத் தண்ணீர், தேய்ப்பதற்குத் தேங்காய் நார். இரண்டாவதில் அலசல். மூன்றாவதில் கை பொறுக்காத சூட்டில் சுத்தமான தண்ணீர், அதில் கூடையோடு முக்கி எடுக்க வேண்டும். இரண்டாவது தொட்டி கலங்கினால் அதை முதல் தொட்டிக்கு மாற்றி, புதுத் தண்ணீர் நிரப்புங்கள். குழாயைத் திறந்துவிட்டுக் கழுவுவதைவிட இதில் தண்ணீர் நிறைய மிச்சம். கெடா விருந்து என்றால் கிண்ணத்தில் கொழுப்பு உறையும். அதற்குச் சோப்புக்கு முன் ஒரு கை அரப்பையோ சீயக்காயையோ போட்டுப் பிசிறி வைத்தால் பிசுக்கு இறங்கிவிடும், தலையில் வைத்த எண்ணெயை எடுக்கிற அதே சங்கதிதான்.

துடைப்பதற்கு எங்களுக்குக் கவலையில்லை. திருப்பூரில் பனியன் வேஸ்ட் துணிக்கா பஞ்சம்! வெள்ளைக் காட்டன் கட்டிங்காகப் பார்த்து வாங்கி, ஒரு முறை கொதிக்க வைத்து அலசி வைத்துக்கொள்கிறோம். சாயம் போட்ட துணி வேண்டாம், ஈரத்தில் கறை இறங்கும். வெயில் இருந்தால் துடைக்கவே வேண்டாம், கட்டிலைக் கவிழ்த்த மாதிரி ஒரு கம்பி வலை மேல் டம்ளரைக் கவிழ்த்து வைத்தால் அடுத்த பந்திக்குள் காய்ந்துவிடும்.

எவ்வளவு ஆள் வேண்டும்? 75 பேர் பந்திக்குத் தேய்க்க ஒருவர், அலச ஒருவர், சுடுதண்ணீருக்கும் துடைப்பதற்கும் ஒருவர். மூன்று பேர் உயரமான மேசையில் நின்றுகொண்டு வேலை செய்ய வேண்டும், தரையில் குந்த வைக்காதீர்கள். கூலியைத் தெருவில் அன்றாட வேலைக்கு என்ன கொடுக்கிறார்களோ அதற்குக் குறையாமல் வையுங்கள். ஊராட்சித் தூய்மைப் பணியாளர்களிடம் "நீங்கள்தானே குப்பை எடுப்பீர்கள்" என்று இதையும் சேர்த்துத் தள்ளிவிடுவது அநியாயம். எங்களிடம் ஆண்களும் இந்தக் கூலிக்கு வருகிறார்கள். காசு கொடுத்ததும் அது எப்படியோ பெண்கள் வேலையாக மட்டும் இல்லாமல் போய்விடுகிறது!

தண்ணீர்ப் பஞ்சம் உள்ள ஊர் என்றால்? கிண்ணத்தை விடுங்கள், பாயசத்தை இலையிலேயே ஊற்றுங்கள். டம்ளர் மட்டும் வைத்து, அதையும் தூக்கிக் குடிக்கச் சொல்லலாம், வயசானவர்கள் இன்னும் அப்படித்தான் குடிக்கிறார்கள். தட்டு வேண்டுமென்றால் பாக்குமட்டைத் தட்டோ மந்தாரை இலையோ எடுங்கள். எல்லாவற்றையும் எவர்சில்வரில்தான் செய்ய வேண்டும் என்று வேண்டுதல் ஒன்றும் இல்லையே.

யாரிடம், எப்படிப் பேசுவது

விழிப்புணர்வுக் கூட்டம் போட்டு, மேடை வைத்து, பிளெக்ஸ் கட்டி (அதுவும் பிளாஸ்டிக்தான்) பேசுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. கேட்பவர்கள் கைதட்டிவிட்டு, அங்கேயே பேப்பர் கப்பில் டீ குடித்துவிட்டுப் போவார்கள். கண்ணால் பார்த்தால்தான் மனசில் ஏறும். அதற்கு நான் செய்வது இரண்டு.

ஒன்று, பேப்பர் கப்பை உரிப்பது. ஒரு கப்பைச் சுடுதண்ணீரில் போட்டுச் சில மணி நேரம் ஊற விடுங்கள். பிறகு ஓரத்தில் கிழித்து, உள்பக்கத்தை நகத்தால் சுரண்டினால் காகிதம் கூழாக வந்துவிடும், மெல்லிய ஜவ்வு மாதிரி ஒரு பிளாஸ்டிக் தனியாகக் கையில் நிற்கும். அதை எல்லோர் கையிலும் கொடுத்து இழுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். "இதுலயா இத்தனை நாளும் டீ குடிச்சோம்" என்று அவர்களே சொல்லிவிடுவார்கள், நீங்கள் பேசவே வேண்டாம். கூடக் கேட்டால், 2020-இல் கரக்பூர் ஐஐடியில் செய்த ஆய்வைச் சொல்லலாம்: இப்படிப்பட்ட கப்பில் 100 மில்லி சூடான நீர் 15 நிமிஷம் இருந்தால் ஏறக்குறைய 25,000 நுண் பிளாஸ்டிக் துகள்கள் அதில் இறங்குகின்றன என்று கண்டார்கள்.

இரண்டாவது, நான்-ஓவன் பை. பார்க்கத் துணி மாதிரி இருப்பதால் துணிப்பை என்றே நினைக்கிறார்கள். அதன் ஓரத்தில் ஒரு இழையும், உண்மையான காட்டன் துணியில் ஒரு நூலும் எடுத்து, வெளியில் வைத்துத் தீக்குச்சி காட்டுங்கள். காட்டன் எரிந்து சாம்பலாக உதிரும், காகிதம் எரிகிற வாசனை வரும். மற்றது உருகிச் சுருண்டு கெட்டியான மணியாகிவிடும். அது பாலிப்ரோப்பிலீன். வெயிலில் கிடந்த பழைய பை தொட்டதும் பொடிப்பொடியாக உதிருமே, அந்தப் பொடி எங்கே போனது என்று ஒரு கேள்வியை மட்டும் போட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

மாடு வைத்திருப்பவர்களிடம் வேறு பேச்சு. விருந்து இலையில் சோறும் கறியும் மணக்கும்போது மாடு பிரித்துப் பார்த்தா தின்னும்? 2019 அக்டோபரில் சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியில் ஒரு பசுவின் வயிற்றிலிருந்து அறுவைச் சிகிச்சை செய்து 52 கிலோ பிளாஸ்டிக்கை எடுத்தார்கள். பந்தியில் பிளாஸ்டிக் இல்லாமல் போனால் மிஞ்சுவது வெறும் இலையும் சோறும். இலையை மாட்டுக்குப் போடலாம், மீதியை உரக்குழிக்குத் தள்ளலாம். கலந்து கிடந்தால் மறுநாள் காலையில் கொளுத்துவார்கள், தெரு முழுக்கப் புகை. எங்கள் தெருவில் வங்கிக்கு முதலில் ஆதரவாகப் பேசியது பால்காரர்தான்.

ஆனால் நீங்கள் தவறாமல் பிடிக்க வேண்டிய ஆள் சமையல் மாஸ்டர். வீட்டுக்காரர் என்ன முடிவு செய்தாலும், "இத்தனை டம்ளர், இத்தனை கப்பு, இத்தனை பாட்டில்" என்று சாமான் லிஸ்ட் எழுதுவது அவர். அந்த லிஸ்ட்டில் இருப்பதுதான் மண்டபத்துக்கு வரும். நான் பேசப் போனபோது ஒரு மாஸ்டர் சொன்னார்: "ஏனுங்கக்கா, எனக்கென்ன பிளாஸ்டிக் மேல ஆசையா? எம்பட ஆளுக இலை போடறதா, டம்ளர் பொறுக்கறதா?" நியாயமான பேச்சு. கழுவும் ஆட்களை நாங்களே கொண்டு வருகிறோம், உங்கள் பசங்களைத் தொட மாட்டோம் என்றதும் லிஸ்ட்டில் அந்த மூன்று வரியையும் அவரே அடித்துவிட்டார். இப்போது விசேஷ வீட்டுக்காரர்களுக்கு எங்கள் நம்பரைக் கொடுப்பதே அவர்தான். ஒரு மாஸ்டர் மாறினால் ஒரு முகூர்த்தக் காலத்தில் அவர் சமைக்கும் எல்லா வீடும் மாறுகிறது.

பெரியவர்கள் சுத்தம் பற்றிக் கேட்பார்கள், கொரோனாவுக்குப் பிறகு இது கூடியிருக்கிறது. வாதாடாதீர்கள். கழுவும் இடத்தைப் பந்தலுக்குப் பின்னால் மறைக்காமல், கை கழுவும் இடத்துக்குப் பக்கத்திலேயே எல்லோர் கண்ணிலும் படும்படி வையுங்கள். ஆவி பறக்கும் மூன்றாவது தொட்டியைப் பார்த்தவர் அப்புறம் கேட்பதில்லை.

தாம்பூலப் பை

2021 டிசம்பர் 23-இல் அரசு 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கத்தைத் தொடங்கியது. எங்கள் பக்கம் மஞ்சப்பை போனதே இல்லை, தேங்காய் போட்டுக் கொடுக்கும் வழக்கம் இருக்கும்வரை போகாது. ஆனால் பை நான்-ஓவனாக மாறிவிட்டது. திரும்பத் துணிக்கு வர, பல்லடம், சோமனூர் பக்கம் விசைத்தறியில் ஓடுகிற காடாத் துணி போதும். பனியன் துணியில் தைக்காதீர்கள், இழுபடும், தேங்காய் கனத்துக்குத் தொங்கிவிடும்.

அளவு விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். தேங்காய் மட்டும் நுழைகிற பையை யாரும் இரண்டாவது முறை எடுக்க மாட்டார்கள். இரண்டு கிலோ காய் பிடிக்கிற மாதிரி, தோளில் மாட்டும் நீளத்துக்குக் காது வைத்துத் தையுங்கள். மாப்பிள்ளை, பெண் போட்டோவைப் பெரிதாக அச்சடிப்பதை மட்டும் தயவுசெய்து நிறுத்துங்கள். அடுத்த வீட்டுக் கல்யாண மாப்பிள்ளை முகத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு யார் சந்தைக்குப் போவார்கள்? பெயர் மட்டும் சின்னதாக, ஒரு மூலையில். வீட்டில் ஏற்கெனவே முப்பது பை மடித்துக் கிடக்கிறதென்றால் புதிதாகத் தைப்பதும் வீண்தான். அப்போது பையே இல்லாமல், வெற்றிலையில் வைத்துக் கையில் கொடுங்கள்.

டீ பார்சல்

விசேஷம் எப்போதோ வருவது. பனியன் கம்பெனியில் டீ டைம் தினம் இரண்டு தடவை வரும். கொதிக்கும் டீயைப் பிளாஸ்டிக் கவரில் ஊற்றி, நூலால் சுற்றி, மேலே பேப்பர் கப்பைச் செருகிக் கொடுக்கிறார்களே, அதைவிட மோசமான ஏற்பாடு எனக்குத் தெரியவில்லை. இதற்குப் பெரிய திட்டம் எதுவும் தேவையில்லை. கம்பெனிக்கு ஒரு மூடி போட்ட தூக்குப்போசி, ஆளுக்கு ஒரு டம்ளர், அதில் அவரவர் பெயரை வெட்டிவிடுங்கள். கழுவறது யாருங்க என்று இங்கே கேட்கவே மாட்டார்கள், குடித்தவரே கழுவிக் கவிழ்ப்பார். டீ மாஸ்டரிடம் பேசி, போசி கொண்டு வந்தால் ஒரு கை டீ கூட ஊற்றச் சொல்லுங்கள். கவரும் கப்பும் அவருக்கும் செலவுதானே, சீக்கிரம் ஒத்துக்கொள்வார்.

பணம், நோட்டு

முதல் செலவுக்குக் குழுச் சேமிப்பு, உபயம், இரண்டுமே சரிவரும். சிறிதாகத் தொடங்க வேண்டுமானால் 50 டம்ளர் வாங்கி வளைகாப்பு, பிறந்தநாள் மாதிரி வீட்டளவு விசேஷத்துக்கு விடுங்கள், கழுவும் ஏற்பாடு கையில் படியட்டும். வாடகையைப் பேப்பர் கப் விலைக்கு மேலே வைக்காதீர்கள். கழுவும் கூலியை வாடகைக்குள் மறைக்காமல் தனி வரியாக எழுதுங்கள். வீட்டுக்காரர் "எங்க வீட்டுப் பொண்ணுங்களே கழுவிக்குவாங்க" என்பார், அந்த வரியை அடிக்கச் சொல்வார். அடிக்காதீர்கள். அந்தப் பொண்ணுங்களிடம் அவர் கேட்டிருக்க மாட்டார்.

முன்பணம் வாங்கிக்கொண்டு, தொலைந்ததற்கு வாங்கிய விலையை மட்டும் கழியுங்கள். காடாத் துணியில் பை தைத்து, பைக்கு 25 டம்ளர் என்று அடுக்கிக் கொடுத்தால், திரும்பி வரும்போது எண்ணுவது ஒரு நிமிஷ வேலை. நெளிந்ததைத் தனியாக எடுத்து வைத்து, வருஷம் ஒரு முறை பட்டறையில் தட்டி வாங்கிவிடலாம். தேய்ந்து ஓட்டை விழுந்ததைப் பழைய எடைக்குப் போட்டால் புதியதில் கழித்துக்கொள்வார்கள்.

வைகாசி, ஆவணி, தை மாதங்களில் ஒரே முகூர்த்தத்துக்கு இரண்டு மூன்று வீட்டார் கேட்பார்கள். யார் முன்பணம் கட்டினார்களோ அவர்களுக்கு, சொந்தக்காரர் என்ற பேச்சே கிடையாது என்று நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். பக்கத்துத் தெருவிலும் ஒரு வங்கி இருந்தால் அன்றைக்கு அங்கிருந்து வாங்கிக் கொடுக்கலாம். அதற்காகவே நாங்கள் இப்போது அடுத்த இரண்டு தெரு மகளிர் குழுக்களிடமும் பேசிக்கொண்டிருக்கிறோம், டம்ளர் ஒரே அளவாக வாங்கச் சொல்லி. அளவு மாறினால் அடுக்கு சேராது.